குறி எப்போது திரும்பும்? ஒருபடி அசமன்பாடுகளும் எண்கோடும்

ஒருபடி அசமன்பாடுகளைத் தீர்ப்பது பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்வியில் மூன்று ஐயங்கள் உள்ளன. மாறி முதல் படியில் மட்டும் வந்து, சமக்குறிக்குப் பதிலாகப் பெரியது, சிறியது என்னும் குறி நிற்கும் ஒருபடி அசமன்பாட்டைத் தீர்க்கும்போது சமன்பாட்டில் செய்வதையே செய்துகொண்டு வந்தாலும் சில இடங்களில் மட்டும் குறி திரும்பிக்கொள்கிறதே, அது ஏன் என்பது முதல் ஐயம். தீர்வை எண்கோட்டில் காட்டும்போது எங்கே வெற்று வட்டம், எங்கே நிரப்பிய வட்டம் என்பது இரண்டாவது. விடைப் பக்கத்தைப் புரட்டாமலேயே நம் விடை சரியா என்று அறிய வழி உண்டா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை எண்கோட்டிலேயே இருக்கிறது. கணக்கெல்லாம் முடிந்த பிறகு மதிப்பெண்ணுக்காகக் கடைசியில் வரையும் படமாக அதைக் கருதுவதால்தான் விதிகள் மனப்பாடச் சுமையாகிவிடுகின்றன. முதல் வரியிலிருந்தே எண்கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

தெரியாத எண்ணை, அதாவது மாறியை, ம என்ற எழுத்தால் குறிக்கிறேன். 3ம − 4 = 8 என்ற சமன்பாட்டுக்கு ம = 4 என்ற ஒரே தீர்வுதான் உண்டு; எண்கோட்டில் அது ஒரு புள்ளி. அதையே 3ம − 4 < 8 என்று எழுதினால் ம < 4 என்று வருகிறது. இப்போது தீர்வு புள்ளி அல்ல, கோட்டின் ஒரு பகுதி. சமன்பாடு கண்டுபிடித்த அந்த 4 இங்கே எல்லைக்கல்லாக நிற்கிறது. எல்லையின் எந்தப் பக்கம் நமக்கு உரியது, எல்லைக்கல்லும் நமக்கு உரியதா என்ற இரண்டையும்தான் அசமன்பாடு கூடுதலாகக் கேட்கிறது. இதற்கு முன்னால் ம என்பது எந்த வகை எண் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இயல் எண் என்றால் தீர்வு 1, 2, 3 ஆகிய மூன்றே. எண்கோட்டில் மூன்று தனிப் புள்ளிகள் வைத்தால் போதும். முழுக்கள் என்றால் 3, 2, 1, 0, −1 என்று புள்ளிகள் இடப்பக்கம் முடிவின்றிச் செல்லும். மெய்யெண்கள் என்றால்தான் புள்ளிகளுக்கு இடையே வெற்றிடம் இல்லாத தடித்த கோடு வரைய வேண்டும். கேள்வியில் ‘ம ஓர் இயல் எண்’ என்று தெளிவாகச் சொல்லியிருந்தும் தடித்த கோடு வரைந்து மதிப்பெண்ணை இழப்பவர்கள் பலர். இனி வருவனவற்றில், வேறு சொல்லாத இடத்திலெல்லாம் ம ஒரு மெய்யெண்.

குறி திரும்புவதைப் பற்றிய குழப்பத்துக்குப் பாதிக் காரணம் கணிதம் அல்ல, நம் பேச்சு. ‘+ ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்’ என்கிறோம். ‘குறை எண்ணால் வகுத்தால் குறி மாறும்’ என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் குறி என்பது கூட்டல், கழித்தல் குறி. இரண்டாவதில் அது பெரியது, சிறியது என்று காட்டும் குறி. ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால், ம + 5 > 9 என்பதில் 5 ஐ வலப்பக்கம் கொண்டுபோனவுடன் ‘குறி மாறும்’ என்ற நினைவில் ம < 4 என்று எழுதிவிடும் மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே <, >, ≤, ≥ ஆகியவற்றை இங்கே ஒப்பீட்டுக் குறி என்றே அழைக்கிறேன். உறுப்பு ஒன்று பக்கம் மாறும்போது ஒப்பீட்டுக் குறி அசையாது. மாறியின் கெழுவை, அதாவது மாறியைப் பெருக்கி நிற்கும் எண்ணை, நீக்குவதற்காக இரு பக்கங்களையும் ஒரு குறை எண்ணால் பெருக்கும்போதோ வகுக்கும்போதோ மட்டுமே அது திரும்பும்.

ஏன் என்று எண்கோட்டில் பார்ப்போம். அ < ஆ என்பதன் பொருள், எண்கோட்டில் ஆ என்ற எண்ணுக்கு இடப்பக்கம் அ இருக்கிறது என்பதுதான். இரு பக்கங்களிலும் ஒரே எண்ணைக் கூட்டுவது கோட்டில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவு நகர்த்துவதற்குச் சமம். வரிசையில் நிற்கும் இருவர் தலா மூன்று அடி முன்னே வைத்தால் யார் முன், யார் பின் என்பது மாறாது. மிகை எண்ணால் பெருக்குவது பூச்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரப்பர் பட்டையை இழுப்பதைப் போன்றது. இடைவெளிகள் விரியும் அல்லது சுருங்கும், வரிசை அப்படியே இருக்கும். −1 ஆல் பெருக்குவதோ பூச்சியத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்துவதாகும். வலப்பக்கம் பூச்சியத்திலிருந்து அதிகத் தொலைவில் இருந்த 5, இடப்பக்கத்திலும் அதே தொலைவில் −5 ஆக நிற்கிறது. 2 என்பது −2 ஆகி அதற்கு வலப்பக்கம் வந்துவிடுகிறது. 2 < 5 ஆக இருந்தது −2 > −5 ஆயிற்று. கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரிவதுபோலவே வரிசையும் மாறியது. ஒப்பீட்டுக் குறி அந்த மாற்றத்தைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான்.

படம் போதாது, நிரூபணம் வேண்டும் என்பவருக்கு அது ஒரே வரியில் இருக்கிறது. அ < ஆ என்பதன் இரு பக்கங்களிலிருந்தும் (அ + ஆ) என்ற எண்ணைக் கழியுங்கள். கழித்தல் வரிசையைக் கலைக்காது என்பதால் குறி அப்படியே இருக்கும். இடப்பக்கம் −ஆ மிஞ்சும், வலப்பக்கம் −அ மிஞ்சும். ஆகவே −ஆ < −அ. பெருக்கலே செய்யாமல், கழித்தலை மட்டும் கொண்டு திரும்பும் விதி கிடைத்துவிட்டது. உண்மையில் குறி திரும்பவில்லை, எண்கள்தாம் பக்கம் மாறிக்கொண்டன என்று பார்ப்பவரும் சரியாகவே பார்க்கிறார்.

இந்தப் பார்வை கணக்கிலும் கைகொடுக்கும். −3ம < 12 என்பதை −3 ஆல் வகுத்து, குறியைத் திருப்பி, ம > −4 என்று எழுதலாம். திருப்ப மறந்துவிடுவோம் என்ற அச்சம் இருந்தால் 3ம ஐ வலப்பக்கமும் 12 ஐ இடப்பக்கமும் கொண்டுபோங்கள்: −12 < 3ம. இப்போது 3 ஆல் வகுக்க, −4 < ம. இரண்டும் ஒன்றே. மாறியை அதன் கெழு மிகையாக இருக்கும் பக்கத்தில் சேர்ப்பது என்ற பழக்கம் வந்துவிட்டால், திரும்பும் விதியைப் பயன்படுத்த வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதற்கு எதிர்த்திசையில் நேரும் பிழையும் ஒன்று உண்டு: 4ம < −12 என்பதில் எங்கோ ஒரு கழித்தல் குறி தென்படுவதைப் பார்த்து ஒப்பீட்டுக் குறியைத் திருப்பிவிடுவது. இங்கே வகுக்கும் எண் 4, அது மிகை எண்; வகுபடும் எண் குறையாக இருப்பது பொருட்டல்ல. விடை ம < −3 மட்டுமே.

இனி ஒரு கணக்கை முழுமையாகச் செய்து பார்ப்போம்: 7 − 2(ம − 3) ≥ 3ம − 2. அடைப்புக்குறியை நீக்கும்போது −2 உடன் −3 பெருகி +6 ஆகும். எனவே இடப்பக்கம் 7 − 2ம + 6, அதாவது 13 − 2ம. மாறியின் கெழு வலப்பக்கத்தில் மிகையாக இருப்பதால் 2ம ஐ அங்கே கொண்டுபோய், −2 ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் 15 ≥ 5ம என்று ஆகும். 5 ஆல் வகுக்க, 3 ≥ ம. பலர் சறுக்குவது இந்த இடத்துக்குப் பிறகுதான். குறியின் விரிந்த வாய் இடப்பக்கம் இருக்க, கூர்முனை வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் அதை அம்புக்குறியாக எண்ணி, 3 க்கு வலப்பக்கம் கோட்டைத் தடிப்பாக்கிவிடுகிறார்கள். ஒப்பீட்டுக் குறி திசைகாட்டி அல்ல. மாறி இடப்பக்கம் இருக்கும்போது தற்செயலாகத் திசைகாட்டிபோல் தோற்றமளிக்கிறது. எனவே வரைவதற்கு முன் மாறியிலிருந்து தொடங்கி வாய்விட்டுப் படியுங்கள்: ‘ம என்பது 3 அல்லது 3 ஐ விடச் சிறியது’. அதை ம ≤ 3 என்று திருப்பி எழுதிவிட்டுப் பிறகு கோட்டுக்குச் செல்லுங்கள்.

இந்தக் குறிகளுக்கு அவ்வளவு நீண்ட வயதில்லை என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557 இல் அச்சில் கொண்டுவந்தார். பெரியது, சிறியது என்னும் குறிகள் தாமஸ் ஹாரியட்டின் இயற்கணித நூலில் 1631 இல் வெளிவந்தன. அவர் இறந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறியது என்னும் குறியின் கீழே சமக்குறியைச் சேர்த்து ‘சிறியது அல்லது சமம்’ என்று ஒன்றாக எழுதும் வழக்கத்தை 1734 இல் பியர் பூகே பயன்படுத்தினார். இன்று நாம் எழுதும் ≤ இல் அந்த இரட்டைக்கோடு ஒற்றைக்கோடாகச் சுருங்கியிருக்கிறது. குறியின் அடியில் உள்ள அந்தக் கோடு பாதிச் சமக்குறி என்று நினைவில் வைத்தால், எல்லைப் புள்ளி தீர்வில் சேருமா என்ற ஐயம் எழாது. முன்னே நடந்து பின்னே திரும்பும் ஒரு மனிதனைக் காட்டி, குறை எண்களைக் கோட்டின் மீது வைத்து விளக்கியவர் ஜான் வாலிஸ். அது 1685 இல்.

வரைவதற்கு வருவோம். ம ≤ 3 க்குக் கிடைக்கோடு ஒன்று வரைந்து, இரு முனைகளிலும் அம்புத்தலை இட்டு, பூச்சியத்தையும் எல்லைப் புள்ளியான 3 ஐயும் உள்ளடக்கிச் சம இடைவெளியில் எண்களைக் குறியுங்கள். 3 இன் மீது சிறு வட்டம் இட்டு அதை நிரப்புங்கள். ஏனெனில் ≤ என்பதில் சமமும் அடங்கும். அங்கிருந்து இடப்பக்கம் முழுவதும் கோட்டைத் தடிப்பாக்கி, முனையில் அம்புத்தலையையும் தடிப்பாக்குங்கள். அம்புத்தலையை விட்டுவிட்டால் தீர்வு −4 இலோ −5 இலோ நின்றுவிட்டதாகப் பொருள்படும். கேள்வி ம < 3 என்று இருந்தால் மாற்றம் ஒன்றே ஒன்று, வட்டத்தை நிரப்பக்கூடாது. இங்கே அடிக்கடி எழும் ஒரு வினாவுக்கு இடம் கொடுக்க வேண்டும்: 3 சேராது என்றால் அதற்கு முந்தைய எண்ணிலிருந்து கோட்டைத் தொடங்கலாமே? தொடங்க முடியாது, அப்படி ஒரு ‘முந்தைய எண்’ இல்லை. 2.9 என்றால் 2.99 இருக்கிறது, அதற்கும் 3 க்கும் இடையே 2.999 இருக்கிறது. தீர்வுக் கணத்துக்குக் கடைசி எண் கிடையாது, ஆனால் எல்லை உண்டு. அந்த நிலையைக் காட்டுவதற்கு வெற்று வட்டத்தை விடச் சிறந்த வழியை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. தீர்வின் இரு முனைகளை மட்டும் அடைப்புக்குள் எழுதிக் காட்டும் இடைவெளிக் குறியீட்டில் நிரப்பிய வட்டத்துக்குச் சதுர அடைப்பும், வெற்று வட்டத்துக்கு வளைந்த அடைப்பும் வரும்: ம ≤ 3 என்பது (−∞, 3], ம < 3 என்பது (−∞, 3). முடிவிலி ஓர் எண் அல்ல, அதைத் தொட்டு முடிக்க முடியாது. எனவே அதன் பக்கம் எப்போதும் வளைந்த அடைப்புதான்.

விடையைச் சரிபார்க்க மூன்று எண்கள் போதும்: எல்லைப் புள்ளி, அதற்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மேலே செய்த கணக்கின் மூல அசமன்பாட்டில் ம = 3 என்று இட்டால் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 9 − 2 = 7; சமம் வந்துவிட்டது, எல்லை சரி. ம = 0 என்றால் இடப்பக்கம் 13, வலப்பக்கம் −2; 13 ≥ −2 உண்மை, எனவே இடப்பக்கம் நமக்கு உரியது. ம = 4 என்றால் 5 ≥ 10 என்று வரும்; அது பொய், எனவே வலப்பக்கம் நமக்கு உரியதல்ல. எல்லை தவறினால் கணக்குப் பிழை. எல்லை சரியாகி, பக்கம் தவறினால் குறியைத் திருப்பியதில் பிழை. எங்கே தேட வேண்டும் என்பதையும் சோதனையே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எண்ணைச் சோதித்தால் அந்தப் பக்கம் முழுவதற்கும் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். இரு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கே 15 − 5ம. இது ஒருபடிக் கோவை, ம வளர வளர ஒரே சீராக இறங்கிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்டது பூச்சியத்தை ஒரே ஒரு முறைதான் கடக்க முடியும். 3 இல் கடந்தாயிற்று, இனி திரும்பி வராது.

பின்னங்கள் வந்தால் முதலில் பகுதிகளை, அதாவது பின்னக் கோட்டுக்குக் கீழுள்ள எண்களை, ஒழித்துவிடுங்கள். (ம − 1)/2 − (2ம + 1)/3 < 1 என்பதை 6 ஆல் பெருக்கினால் 3(ம − 1) − 2(2ம + 1) < 6. வலப்பக்கத்து 1 ஐயும் 6 ஆல் பெருக்க மறப்பது ஒரு பிழை. இரண்டாவது பின்னத்துக்கு முன்னுள்ள கழித்தல் குறி 2ம க்கு மட்டுமல்ல, 1 க்கும் உரியது என்பதை மறப்பது அதைவிட அதிகம் நேரும் பிழை. விரித்துச் சுருக்கினால் −ம − 5 < 6, அதாவது −ம < 11, ஆகவே ம > −11. எல்லையைச் சோதிப்போம்: −12/2 = −6, −21/3 = −7; −6 − (−7) = 1. சரிதான்.

பகுதியில் மாறியே இருந்தால் இப்படி நேராகப் பெருக்கக்கூடாது. 6/ம > 2 என்பதை ம ஆல் பெருக்கி 6 > 2ம, எனவே ம < 3 என்று சொன்னால், ம = −1 உம் தீர்வாக வேண்டும்; ஆனால் −6 > 2 பொய். பெருக்கிய எண் மிகையா குறையா என்று தெரியாமலே பெருக்கியதால் வந்த வினை இது. ம மிகை எண் என்றால் ம < 3 சரி. குறை எண் என்றால் 6/ம குறை எண்ணாகிவிடும், அது 2 ஐ ஒருபோதும் மிஞ்சாது. ஆகவே உண்மையான தீர்வு 0 < ம < 3. இது ஒருபடி அசமன்பாடு அல்ல. இருந்தாலும் ஒருபடிபோல் வேடமிட்டு வருவதால் குறிப்பிட்டேன்.

இரட்டை அசமன்பாட்டில் மூன்று பகுதிகளுக்கும் ஒரே செயலைச் செய்ய வேண்டும். −5 < 3 − 2ம ≤ 9 என்பதில் 3 ஐக் கழித்தால் −8 < −2ம ≤ 6. −2 ஆல் வகுத்தால் இரண்டு குறிகளும் திரும்பி 4 > ம ≥ −3 ஆகும்; இதைச் சிறியதிலிருந்து பெரியதாக −3 ≤ ம < 4 என்று மாற்றி எழுதுவதே வழக்கம். எண்கோட்டில் −3 இல் நிரப்பிய வட்டம், 4 இல் வெற்று வட்டம், இடையில் தடித்த கோடு. கேள்வியில் சமக்கோடு வலது முனையில் இருந்தது, விடையில் அது இடது முனைக்கு வந்திருப்பதைக் கவனியுங்கள். கண்ணாடி இரு முனைகளையும் இடம் மாற்றிவிட்டது. ‘ம < −1 அல்லது ம ≥ 2’ போன்ற விடையை இப்படிச் சேர்த்து எழுத முடியாது. 2 ≤ ம < −1 என்று எழுதினால், 2 ஐ விடச் சிறியதல்லாத, ஆனால் −1 ஐ விடச் சிறிய எண் ஒன்றைத் தேடச் சொல்கிறோம். அப்படி ஓர் எண் இல்லை. ‘மற்றும்’ என்றால் இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி, ‘அல்லது’ என்றால் இரண்டையும் சேர்த்த பகுதி.

சொற்கணக்குகளில் சிக்கல் இயற்கணிதத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ‘10 க்குக் குறையாத’, ‘குறைந்தது 10’, ‘10 முதல்’ ஆகிய மூன்றும் ≥ 10. ‘10 க்கு மிகாத’, ‘அதிகபட்சம் 10’ ஆகிய இரண்டும் ≤ 10. ‘10 க்கு மேற்பட்ட’, ‘10 ஐ விட அதிகமான’ என்பவை 10 ஐச் சேர்க்காதவை. ‘குறையாத’ என்பதில் ‘குறை’ காதில் விழுந்தவுடன் < என்று எழுதிவிடாமல், அந்த எதிர்மறை விகுதியையும் கேட்க வேண்டும். அடுத்த சிக்கல் முழு எண்ணாக்குவது. 600 கிலோவுக்கு மிகாமல் ஏற்றக்கூடிய மின்தூக்கியில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் 45 கிலோப் பெட்டிகளுடன் ஏறுகிறார் என்றால் 70 + 45ம ≤ 600, அதாவது ம ≤ 11.77…, வழக்கமான முறையில் 12 என்று முழுமையாக்கினால் மொத்தம் 610 கிலோ ஆகிவிடும், எனவே 11. மாறாக, 42 இருக்கைகள் கொண்ட பேருந்துகளில் 500 பேரை ஏற்ற 42ம ≥ 500, அதாவது ம ≥ 11.90…, இங்கே 12 வேண்டும். மேலே தள்ளுவதா, கீழே தள்ளுவதா என்பதைத் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கம் தீர்மானிக்காது; தடித்த கோடு எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் இருக்கும் முதல் முழு எண்தான் விடை.

கடைசியாக, மாறியே மறைந்துவிடும் கணக்குகள். 2(ம + 3) > 2ம + 1 என்பதைச் சுருக்கினால் 6 > 1 என்று மட்டும் மிஞ்சும். அது எப்போதும் உண்மை என்பதால் எல்லா மெய்யெண்களும் தீர்வு; கோடு முழுவதையும் இரு அம்புத்தலைகளுடன் தடிப்பாக்க வேண்டும், வட்டம் எதுவும் கிடையாது. அதே கணக்கில் > க்குப் பதிலாக < இருந்தால் 6 < 1 என்று வரும்; எந்த எண்ணும் தேறாது. அப்போது எண்கோட்டைத் தொடாமல் வெறுமையாகவே விட வேண்டும். ஆனால் வெறுங்கோட்டைப் பார்ப்பவருக்கு அது விடையா, வரையாமல் விட்ட கேள்வியா என்று தெரியாது. பக்கத்திலேயே ‘தீர்வு இல்லை’ என்று எழுதிவிடுங்கள்.